மூவாயிரம் ரூபாய் ஜின்: காசு பாட்டிலுக்கா, சரக்குக்கா?

விஸ்கிக்குக் கொடுக்கும் காசில் ஒரு பங்கு, அது பீப்பாயில் கிடந்த வருஷங்களுக்குப் போகிறது. ஜின்னுக்கு அந்தச் செலவே கிடையாது. வடித்து, சில நாள் ஆறவிட்டு, தண்ணீர் கலந்து பாட்டிலில் அடைத்தால் அடுத்த மாதமே கடைக்கு வந்துவிடும். கிராஃப்ட் (சின்ன அளவில், கைப்பக்குவமாகச் செய்தது) என்று லேபிள் ஒட்டும் கம்பெனிகளில் பெரும்பாலானவை அடிப்படை ஸ்பிரிட்டைக்கூடத் தாங்களே தயாரிப்பதில்லை. தானியத்திலிருந்தோ கரும்புப் பாகுக் கழிவிலிருந்தோ எடுத்த, 96 சதவீதம் வரை வீரியமுள்ள நியூட்ரல் ஸ்பிரிட்டை வெளியில் வாங்கி, அதில் ஜின்னுக்கு அடையாளமான ஜூனிப்பர் காயும் மற்ற வாசனைச் சரக்கும் ஊறப்போட்டு மறுபடி வடிப்பதுதான் அவர்கள் வேலை.

அப்படியானால் 1,200 ரூபாய் பாட்டிலுக்கும் 4,000 ரூபாய் பாட்டிலுக்கும் நடுவில் இருக்கும் பணம் எங்கே போகிறது? முதலில் வரி. அடுத்து கனமான கண்ணாடியும் மரமூடியும். அப்புறம் விளம்பரம். கடைசியாகத்தான் சரக்கின் தரமும் வடிப்பவரின் கைப்பக்குவமும். வாங்குகிறவருக்கு இந்தக் கடைசிப் பங்குதான் முக்கியம். அதிலும் ஒரு பகுதிதான் ஐஸையும் டானிக் என்ற கசப்புச் சோடாவையும் தாண்டி நாக்குக்கு வந்து சேர்கிறது. வடசென்னை ராயபுரத்து மே மாதச் சாயங்காலத்தில், கரண்ட் போய் வந்த ஃபிரிட்ஜில் இருந்து எடுத்த டானிக்கோடு குடிக்கும்போது என்ன மிஞ்சுகிறது என்று பார்த்துத்தான் எது லாபம் என்று சொல்ல முடியும். இந்த ஒப்பீடு முழுக்க அந்தக் கண்ணோட்டத்தில்தான்.

லேபிளில் முதலில் பார்க்க வேண்டியது சதவீதம்

இந்தியாவில் விற்கும் ஜின் பெரும்பாலும் 42.8 சதவீதம் ஆல்கஹால். விசித்திரமான இந்த எண், வெள்ளைக்காரன் காலத்தில் வீரியத்தை அளந்த ‘புரூஃப்’ கணக்கின் மிச்சம். 75 டிகிரி புரூஃப் என்பதுதான் இன்றைய 42.8. ஐரோப்பிய விதிப்படி ஜின் என்று பெயர் போட 37.5 சதவீதம் இருந்தாலே போதும், அமெரிக்காவில் 40 வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் மாமாவோ மச்சானோ கொண்டுவரும் பாட்டிலில் இந்த எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பாம்பே சஃபையர் பிரிட்டனில் 40 சதவீதத்திலும் அமெரிக்காவில் 47 சதவீதத்திலும் விற்கிறது. ஒரே நீலப் பாட்டில், உள்ளே இருக்கும் வீரியம் வேறு.

கூடவே அளவையும் பாருங்கள். நம்மூர் ஃபுல் 750 மில்லி, ஐரோப்பிய பாட்டில் 700. 37.5 சதவீதத்தில் 700 மில்லி என்றால் உள்ளே இருக்கும் சுத்த ஆல்கஹால் 262 மில்லி சொச்சம். 42.8 சதவீதத்தில் 750 மில்லி என்றால் 321. இரண்டும் ஒரே விலை என்றால் நம்மூர் பாட்டிலில் 22 சதவீதம் கூடுதல். ஜெர்மனியின் மங்கி 47 இன்னொரு கணக்கு: வீரியம் 47 சதவீதம்தான், ஆனால் பாட்டில் 500 மில்லி. குள்ளமான மருந்து பாட்டில் வடிவத்தைப் பார்த்து அசந்துபோய் இந்த விஷயத்தைக் கவனிக்காமல் விடுபவர்கள் நிறைய.

போதைக்காக மட்டும் சொல்லவில்லை. ஜூனிப்பர், எலுமிச்சைத் தோல் இவற்றின் வாசம் எண்ணெயில் இருக்கிறது. அந்த எண்ணெய் ஆல்கஹாலில் கரையும், தண்ணீரில் கரையாது. வீரியம் குறைந்த ஜின்னில் எண்ணெய் கொள்ளும் அளவும் குறைவு. தண்ணீர் விட்டதும் சில ஜின் லேசாகக் கலங்கி பால் நிறம் காட்டுவது இதனால்தான். அதைப் பார்த்துக் கலப்படம் என்று பயப்பட வேண்டாம்; வாசனைச் சரக்கு தாராளமாகப் போட்டு, குளிரவைத்து வடிகட்டாமல் விட்டிருக்கிறார்கள் என்பதற்கு அது ஓர் அடையாளம்.

அடுத்து ‘லண்டன் டிரை’ என்ற சொல். அது ஊரைக் குறிப்பதில்லை, செய்முறையைக் குறிப்பது. வாசனை முழுவதும் வடிக்கும்போதே வந்திருக்க வேண்டும், வடித்த பிறகு மணமோ நிறமோ சேர்க்கக் கூடாது, சர்க்கரை லிட்டருக்கு 0.1 கிராமுக்கு மேல் போகக் கூடாது. இது இல்லாததெல்லாம் மட்டம் என்று அர்த்தமில்லை. 1999இல் ஸ்காட்லாந்தில் வந்த ஹெண்ட்ரிக்ஸ், வெள்ளரியும் ரோஜாவும் வடித்த பிறகு சேர்ப்பதால் லண்டன் டிரை ஆகாது. இருந்தாலும் புது அலை ஜின்களுக்கெல்லாம் அதுதான் முன்னோடி. நீங்கள் பயப்பட வேண்டியது பின் லேபிளில் பொடி எழுத்தில் ‘செயற்கை சுவையூட்டி’ என்று இருக்கும் பாட்டிலுக்கு. நியூட்ரல் ஸ்பிரிட்டில் எசன்ஸ் கலந்த வகை அது. விலை குறைவாக இருந்தால் சரி, கிராஃப்ட் விலை சொன்னால் வேண்டாம்.

எத்தனை வகை வாசனைச் சரக்கு போட்டிருக்கிறார்கள் என்று முன் லேபிளில் பெரிதாக அச்சடித்திருப்பதை நம்பிக் காசு கொடுக்காதீர்கள். டாங்கரேயில் இருப்பது நான்கே நான்கு: ஜூனிப்பர், கொத்தமல்லி விதை, ஏஞ்சலிகா வேர், அதிமதுரம். பீஃப்ஈட்டரில் ஒன்பது, மங்கி 47இல் நாற்பத்தேழு. டானிக் ஊற்றிய பிறகு அந்த நாற்பத்தேழில் ஐந்தைப் பிரித்துச் சொல்லக்கூடிய மூக்கு ஊரில் எத்தனை பேருக்கு இருக்கும்?

எதற்கும் எதற்கும் போட்டி

வாங்கப் போகிறவர் முன்னால் நான்கு வழி இருக்கிறது. டாஸ்மாக் எலைட் கடையில் இன்று இருக்கும் பிராண்டு அடுத்த மாதம் இருக்கும் என்று சொல்வதற்கில்லை. அதனால் பெயரைவிட வகையைப் புரிந்துவைத்துக்கொள்வது உதவும்.

முதல் வகை நம்மூர் பழைய ஜின். புளூ ரிபாண்ட் போல, அப்பா காலத்திலிருந்து இருப்பவை. எலுமிச்சை, சோடா, உப்பு போட்டுக் குடிக்க இது போதும். தனியாக முகர்ந்தால் முதலில் வருவது ஸ்பிரிட் நெடி, ஜூனிப்பர் பின்னால் எங்கோ நிற்கும்.

இரண்டாவது இந்திய கிராஃப்ட். 2017இல் கோவாவிலிருந்து வந்த கிரேட்டர் தேன் இந்த வரிசையைத் தொடங்கிவைத்தது. அதே கம்பெனி அடுத்து இமயமலை ஜூனிப்பரை வைத்து ஹபுசா கொண்டுவந்தது. 2018இல் ஸ்ட்ரேஞ்சர் அண்ட் சன்ஸும், ராடிகோ கைத்தானின் ஜெய்சல்மேரும் வந்தன. நான்குக்கும் குணம் வேறு வேறு. கிரேட்டர் தேன் நேரான லண்டன் டிரை, ஜூனிப்பர் முன்னால் நிற்கும், பின்னால் இஞ்சியும் சோம்பும். ஸ்ட்ரேஞ்சர் அண்ட் சன்ஸ் மிளகு, ஜாதிக்காய், ஜாதிபத்திரியோடு எலுமிச்சை வகைத் தோல்களின் பக்கம் சாயும். ஹபுசாவில் மஞ்சளும் மாங்காயும் உண்டு. மண்வாசம் தூக்கலாக இருக்கும். அதை டானிக்கில் போட்டு மூழ்கடித்தால் கொடுத்த காசு வீண்.

மூன்றாவது, வெளிநாட்டுப் பழைய கைகள்: டாங்கரே, பீஃப்ஈட்டர், பாம்பே சஃபையர், கார்டன்ஸ். இவர்களைக் கிராஃப்ட் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனால் பாட்டிலுக்குப் பாட்டில் ருசி மாறாது. சின்னக் கம்பெனிக்காரர் ஒரு பேட்ச்சில் கோட்டைவிடலாம், இவர்கள் விடுவதில்லை.

நான்காவது, வெளிநாட்டுப் புதியவை: ஹெண்ட்ரிக்ஸ், ஜப்பானின் ரோக்கு, மங்கி 47. இங்கேதான் விலை எகிறுகிறது. இறக்குமதி மதுவுக்கு இந்தியா நெடுங்காலமாக 150 சதவீதம் சுங்கவரி வைத்திருந்தது. அதற்கு மேல் மாநில வரி. 2025 ஜூலையில் கையெழுத்தான இந்தியா–பிரிட்டன் ஒப்பந்தத்தில் பிரிட்டிஷ் விஸ்கிக்கும் ஜின்னுக்கும் இந்த வரி 75 ஆகப் பாதியாகி, பத்தாம் ஆண்டில் 40க்கு இறங்கும் என்று இருக்கிறது. மாநில வரியை அது தொடாது என்பதால் கடை விலை பாதியாகும் என்று எதிர்பார்த்து உட்கார வேண்டாம். ரோக்குக்கும் மங்கிக்கும் இந்த ஒப்பந்தத்தால் ஒன்றும் ஆகப்போவதில்லை. அவை பிரிட்டிஷ் சரக்கே அல்ல.

பிங்க் ஜின், ஸ்ட்ராபெர்ரி ஜின் பற்றி ஒரு வரி போதும்: பெரும்பாலும் சர்க்கரைக்கும் நிறத்துக்கும்தான் காசு.

ராசப்ப செட்டித் தெருவில் மூக்கைத் தீட்டுவது

ஜின்னை மதிப்பிட வெளிநாட்டுப் பயிற்சியெல்லாம் வேண்டாம். வடசென்னைக்காரருக்கு இருக்கும் வசதி வேறு யாருக்கும் இல்லை. பார்க் டவுன் ராசப்ப செட்டித் தெருவில் நாட்டு மருந்துக் கடை வரிசையாக இருக்கிறது. ஜின்னுக்குள் போகும் சரக்கில் பாதி அங்கேயே கிடைக்கும். கொத்தமல்லி விதை, அதிமதுரம், வால்மிளகு, ஏலக்காய், பட்டை, சோம்பு, வெட்டிவேர் எல்லாம் பத்துப் பத்து கிராம் பொட்டலம் கட்டச் சொன்னால் போதும். பாம்பே சஃபையரின் பத்து சரக்கில் வால்மிளகும் ஒன்று. சளிக்குக் கஷாயம் வைக்கும் அதே வால்மிளகு. ஜெய்சல்மேரில் வெட்டிவேர் இருக்கிறது. இங்கே சுலபத்தில் கிடைக்காதது ஜூனிப்பர் காயும் ஏஞ்சலிகா வேரும் ஓரிஸ் வேரும். ஜூனிப்பர் காயை மட்டும் ஆன்லைனில் வாங்கிவிடுங்கள், அது இல்லாமல் இந்தப் பாடமே இல்லை.

ஒவ்வொன்றையும் தனித்தனியாக இடிகல்லில் லேசாகத் தட்டி, சின்ன டம்ளரில் போட்டு, மேலே ஒரு ஸ்பூன் வோட்கா விட்டு, தட்டு வைத்து மூடிப் பத்து நிமிஷம் விடுங்கள். பிறகு தட்டைத் தூக்கி முகர வேண்டும். ஜூனிப்பரில் வருவது பிசின் வாசம். பெயிண்ட் கடை டர்பன்டைனில் இருக்கும் பைனீன்தான் இதிலும் முக்கியப் பங்கு, ஆனால் கூடவே பழ வாசமும் லேசான மிளகுக் காரமும் இருப்பதால் உறுத்தாது. கொத்தமல்லி விதையில் எலுமிச்சை எட்டிப்பார்க்கும். அதில் இருக்கும் லினலூல் அளவு மீறினால்தான் சில ஜின்னில் சோப்பு வாசம் வருகிறது. நம்மூர் கொத்தமல்லி பெரிசு, எண்ணெய் குறைவு. ஐரோப்பாவிலும் ரஷ்யாவிலும் விளையும் பொடி விதையில் எண்ணெய் பல மடங்கு. இந்திய ஜின் சிலவற்றில் கொத்தமல்லி அடக்கமாக நிற்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். அதிமதுரம் முகர்ந்தால் அவ்வளவாகத் தெரியாது, நாக்கில் வைத்தால்தான் தெரியும். சர்க்கரை சேர்க்காத ஜின்னிலும் ஓர் இனிப்பு ஓடுவது பல நேரம் இதனால்.

இந்த டம்ளர்களை வரிசையாக வைத்துக்கொண்டு ஜின்னை முகர்ந்தால், ‘ஏதோ வாசமா இருக்கு’ என்ற நிலையிலிருந்து ‘ஏலக்காய் தூக்கல், ஜூனிப்பர் கம்மி’ என்று சொல்லும் நிலைக்கு ஒரே சாயங்காலத்தில் வந்துவிடலாம்.

ருசி பார்க்கும் முறையும் கோளாறுகளும்

வாய் குறுகிய சின்ன கிளாஸில் 20 மில்லி ஜின். ஐஸ் வேண்டாம். மூக்கை உள்ளே விட்டு இழுக்காமல், கிளாஸின் வாயை மூக்குக்குக் கீழே இரண்டு விரல் தள்ளிப் பிடித்து, வாயைக் கொஞ்சம் திறந்தபடி முகரவும். நெயில் பாலிஷ் வாசம் வந்தால், வடிக்கும்போது முதலில் வரும் தலைப்பகுதியைச் சரியாக வெட்டி ஒதுக்கவில்லை என்று அர்த்தம். நனைந்த அட்டைப்பெட்டி வாசம், வாயில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் கடைசியில் வரும் வால்பகுதி கலந்திருக்கிறது. எலுமிச்சை வாசம் புதுத்தோல் போல இல்லாமல் வெந்த தோல் போல இருந்தால் சூடு கூடிப்போயிருக்கிறது. ஆரஞ்சு மிட்டாய் வாசம் என்றால் எசன்ஸ்.

பிறகு 20 மில்லி தண்ணீர். வீரியம் 21 சதவீதத்துக்கு இறங்கும். தொழில் செய்பவர்கள் ஜின்னை மதிப்பிடுவதும் ஏறக்குறைய இந்த அளவுக்கு இறக்கித்தான். எரிச்சல் அடங்கி, ஒளிந்திருந்தது வெளியே வரும். இந்தத் தண்ணீர் குழாயில் பிடித்ததாக இருக்கக் கூடாது. மெட்ரோ வாட்டரின் குளோரின் நெடி மேல் வாசத்தை அடித்துவிடும். திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்து போர் தண்ணீரில் உப்பு. கேன் வாட்டர் போதும்.

எசன்ஸ் ஜின்னைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. இரண்டு சொட்டை உள்ளங்கையில் விட்டுத் தேய்த்து, ஆல்கஹால் பறந்ததும் முகருங்கள். வடித்த ஜின்னில் பிசின், தோல், வேர் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். எசன்ஸ் ஜின்னில் ஒரே வாசம், கொஞ்ச நேரத்தில் அதுவும் காணாமல் போகும். காலி கிளாஸைக் கழுவாமல் இரவு முழுக்க விட்டுக் காலையில் முகர்ந்தாலும் இதே தெரியும். வேர் வாசம் தங்கியிருந்தால் கொடுத்த காசுக்கு உள்ளே ஏதோ இருக்கிறது.

பெயரும் பாட்டிலும் மயக்காமல் இருக்க, நண்பர்கள் ஐந்து பேர் சேரும்போது ஒரு வேலை செய்யலாம். ஒரே மாதிரி மூன்று டம்ளர். இரண்டில் விலை குறைந்தது, ஒன்றில் விலை கூடியது. குடிக்காத ஒருவர் மறைவாக ஊற்றி இடம் மாற்றி வைக்கட்டும். எது தனி என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒருவர் சரியாகச் சொல்லிவிடுவார். ஐந்தில் நான்கு பேராவது சரியாகச் சொன்னால்தான் இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு என்று நம்பலாம். இதை இரண்டு தரம் செய்யுங்கள், ஒன்று வெறும் தண்ணீரோடு, இன்னொன்று டானிக்கோடு. தண்ணீரோடு பிடித்துவிட்டு டானிக்கோடு கோட்டைவிட்டால், டானிக் குடிக்கும் உங்கள் கூட்டத்துக்கு விலை கூடியது தேவையில்லை. முழு பாட்டில் வாங்கித்தான் சோதிக்க வேண்டும் என்பதும் இல்லை. ஓட்டல் பாரில் 30 மில்லி ஆர்டர் செய்து, டானிக்கைத் தனியாக வைக்கச் சொல்லி, முதலில் தண்ணீரோடு பார்த்தால் மூவாயிரம் ரூபாய் முடிவைச் சில நூறு ரூபாயில் எடுத்துவிடலாம்.

ஐஸ்தான் பாதி ருசி

ஜின் கெட்டுப்போவது பெரும்பாலும் வீட்டில்தான். கணக்கைப் பாருங்கள். அறை வெப்பம் 32 டிகிரி. 45 மில்லி ஜின்னும் 150 மில்லி டானிக்கும் அதே சூட்டில் இருக்கின்றன. இதை 2 டிகிரிக்குக் குளிரவைக்க ஏறக்குறைய 73 கிராம் ஐஸ் உருகியாக வேண்டும். டானிக்கை மட்டும் ஃபிரிட்ஜில் வைத்து 6 டிகிரியில் எடுத்திருந்தால் உருகுவது 24 கிராம்தான். முதல் கிளாஸில் வீரியம் 7.2 சதவீதம், இரண்டாவதில் 8.8. அதாவது சூடான டானிக்கை ஊற்றுகிறவர், பிரீமியம் ஜின் வாங்கி அதை மலிவு ஜின்னுக்கும் கீழே இறக்கிவிடுகிறார். மேலும் சூடான டானிக்கில் கேஸ் நிற்காது. ஐஸில் பட்டதும் பொங்கி வெளியேறிவிடும், வாசத்தை மேலே தூக்கிக் கொடுப்பதே அந்தக் கேஸ்தான். அதனால் 500 ரூபாய் கூட்டி ஜின் வாங்குவதற்கு முன் டானிக்கை முந்தின நாளே ஃபிரிட்ஜில் வையுங்கள்.

ஐஸ் துண்டு பெரிதாக இருக்கட்டும், கிளாஸ் முழுக்க இருக்கட்டும். நாலே துண்டு போட்டால் நாலும் சீக்கிரம் உருகும். நிறையப் போட்டால் ஒன்றையொன்று காப்பாற்றும். காசிமேட்டில் மீனுக்குப் போடும் பார் ஐஸை உடைத்துக் கொண்டுவருவது வேண்டவே வேண்டாம், குடிக்கச் செய்த ஐஸ் இல்லை அது. வீட்டு ஃபிரீஸரில் இன்னொரு சங்கடம்: வஞ்சிரமும் நெத்திலியும் இருக்கும் தட்டுக்குப் பக்கத்தில் திறந்த டிரேயில் வைத்த ஐஸ் இரண்டு நாளில் அந்த வாசத்தை வாங்கிக்கொள்ளும். ஜின்னில் கவிச்சி வந்தால் பாட்டிலைத் திட்டுவதற்கு முன் ஒரு ஐஸ் துண்டை வெறும் தண்ணீரில் போட்டு முகர்ந்து பாருங்கள். மூடியிட்ட டிரே, இல்லாவிட்டால் அன்றைக்கே வைத்த ஐஸ்.

டானிக்கின் கசப்பு சிங்கோனா பட்டையின் குவினைன். நீலகிரியில் நடுவட்டத்தில் 19ஆம் நூற்றாண்டிலேயே பயிரான மரம்தான். கசப்பைப் பற்றிப் புகார் இல்லை, சர்க்கரைதான் பிரச்சினை. 100 மில்லிக்கு 8 கிராம் என்று லேபிளில் இருந்தால் உங்கள் கிளாஸில் 12 கிராம் இனிப்பு. மெல்லிய மூலிகை வாசம் அதில் அடிபட்டுப்போகும். பாதி டானிக், பாதி சோடா, 75க்கு 75 என்று கலந்தால் கசப்பும் நிற்கும், ஜின்னும் தெரியும். சர்க்கரை இல்லாத டானிக்கில் செயற்கை இனிப்பு நாக்கில் ஒட்டிக்கொண்டு கடைசியில் வரவேண்டிய வேர் வாசத்தைக் கெடுக்கிறது என்பது எங்கள் கருத்து.

எலுமிச்சையைப் பிழிவதும் யோசித்துச் செய்ய வேண்டியது. நாட்டு எலுமிச்சையின் புளிப்பு கடுமை. அரை மூடி பிழிந்தால் எந்த ஜின்னும் ஒரே ருசிதான். நல்ல ஜின் என்றால் சாறு வேண்டாம், தோல் போதும். அதற்கு எலுமிச்சையைவிட நார்த்தங்காய்த் தோல் மேல். வெள்ளைப் பகுதி வராமல் இரண்டு அங்குலம் சீவி, கிளாஸுக்கு மேலே முறுக்கினால் எண்ணெய் தெறித்து மேலே படியும். கோலி சோடாவும் நன்னாரியும் ஒரு கலவையாக நன்றாகவே வரும்: 45 மில்லி ஜின், 10 மில்லி நன்னாரி சர்பத், மீதி சோடா. நன்னாரியின் வாசம் வெனிலாவுக்கு நெருங்கிய உறவு, ஜூனிப்பரோடு சேரும். ஆனால் இதற்கு இரண்டாம் வகைக்கு மேல் போகாதீர்கள். பன்னீர் சோடா எதையும் விட்டுவைக்காது.

எது யாருக்கு

பணக் கணக்கு இப்படிப் போகும். 45 மில்லி ஊற்றினால் 750 மில்லி பாட்டிலில் 16 கிளாஸ், மேலே கொஞ்சம். பாட்டில் 1,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கிளாஸுக்கு ஜின் மட்டும் 90 ரூபாய். 3,000 என்றால் 180. கூட டானிக் 75 ரூபாய் என்றால் மொத்தம் 165, 255. பாட்டில் விலை இரட்டிப்பானாலும் கிளாஸ் விலை ஒன்றரை மடங்குதான் ஆகிறது. வாரத்துக்கு ஒரு கிளாஸ் குடிக்கிறவருக்கு அந்தக் கூடுதல் 90 ரூபாய் தாங்கக்கூடியது. ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேர் மொட்டைமாடியில் கூடி ஆளுக்கு இரண்டு கிளாஸ் குடிக்கும் வீட்டுக்கு அது ஒரு முழு பாட்டில் காசுக்கும் மேல்.

எலுமிச்சை சோடாவோடு குடிக்கிறவர்கள் முதல் வகையோடு நிறுத்திக்கொள்ளலாம், வாசம் வேண்டும் என்றால் இந்திய லண்டன் டிரை. மூன்றாம் வகைக்குப் போனால் காசு சோடாவில் கரையும்.

டானிக்கோடு குடிக்க இந்திய கிராஃப்ட்டில் ஜூனிப்பர் நேராக நிற்கும் ஒன்று, 42.8க்குக் குறையாமல். எங்கள் கணிப்பில் காசுக்கு அதிக ருசி கிடைப்பது இங்கேதான். பழைய வெளிநாட்டு பிராண்டு 47 சதவீதத்தில் விமான நிலையக் கடையில் நல்ல விலைக்குக் கிடைத்தால் மட்டும் அதை எடுக்கலாம். இந்தியாவுக்குள் வரும் பயணி இரண்டு லிட்டர் வரை வரியில்லாமல் கொண்டுவரலாம். 700 மில்லியில் இரண்டு பாட்டில், மூன்றாவதைப் பையில் வைத்தால் 2.1 லிட்டர் ஆகிவிடும். ‘டியூட்டி ஃப்ரீ’ என்று சொல்லி வெளியில் யாராவது விற்றால், மூடி முத்திரையும் தொகுதி எண்ணும் ஒழுங்காக இருந்தால்கூடத் தொடாதீர்கள். காலி வெளிநாட்டு பாட்டிலுக்கு வெளியே ஒரு விலை இருப்பது சும்மா இல்லை.

தனியாக, ஒரு பெரிய ஐஸ் துண்டோடு, அல்லது மார்டினியாகக் குடிக்கிறவர்கள் கூடுதல் காசு கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. இங்கே மறைக்க டானிக் இல்லை. வாயில் வழவழப்பு, முடிவில் எவ்வளவு நேரம் வாசம் நிற்கிறது என்பதெல்லாம் தெரியும். ஹபுசா, ரோக்கு, மங்கி 47 போன்றவற்றுக்கு இதுதான் இடம். பரிசு கொடுக்க என்றால் பாட்டில் அழகைப் பார்த்தே வாங்குங்கள், தப்பில்லை; வாங்கிக்கொள்கிறவர் பார்ப்பதும் அதைத்தான்.

சைடிஷ் என்ன என்பதையும் யோசிக்க வேண்டும். காரம் தூக்கலான சிக்கன் 65க்கு மசாலா ஜின்னும் டானிக்கும் சேர்ந்தால் எரிச்சல் இரட்டிப்பு. ஆல்கஹால் காரத்தைக் குறைக்காது, கூட்டும். எண்ணெயில் பொரித்த மீனுக்கு ஜூனிப்பரும் கசப்பும் வாயைச் சுத்தம் செய்துவிடும். பீச் ஸ்டேஷன் பக்கத்து அத்தோவுக்கு (பர்மா நூடுல்ஸ்), வறுத்த வெங்காயமும் எலுமிச்சையும் அதில் ஏற்கெனவே இருப்பதால், தோல் வாசம் தூக்கலான ஜின் பொருந்தும்.

ஒரு லார்ஜ், அதாவது 60 மில்லி ஜின்னில் இருப்பது 20 கிராம் ஆல்கஹால். வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிப்பது 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். 65 கிலோ ஆளுக்கு ஒரே லார்ஜ் அதைத் தாண்டவைத்துவிடும், எனவே ‘ஒண்ணுதானே’ என்று பைக் சாவியைத் தொட முடியாது.

திறந்த பாட்டிலை ஜன்னல் ஓரத்தில், வெயில் படும் ஷோகேஸில் வைக்காதீர்கள். முதலில் போவது எலுமிச்சை வாசம். கார்க் மூடி என்றால் நிற்க வைத்தே வையுங்கள். படுக்கவைத்தால் வீரியம் கார்க்கை அரித்துத் துகள் விழும். பாதிக்குக் கீழே இறங்கிய விலை உயர்ந்த ஜின்னை, சுத்தமாகக் கழுவி நன்றாகக் காயவைத்த 375 மில்லி கண்ணாடி பாட்டிலுக்கு மாற்றிவிட்டால் உள்ளே காற்று குறையும், வாசம் இன்னும் சில மாதம் தாங்கும். மாற்றும் பாட்டில் ரம் இருந்ததாக மட்டும் இருக்க வேண்டாம், எத்தனை தரம் கழுவினாலும் அதன் வாசம் போகாது.